சைபர் எடுக்கப் பழகுவது

“லுஹர் தொழுகைக்குப் பின். வெளிச்சம் போய் வந்தது. இன்னும் திறக்கவில்லை.”

என் பழைய கொப்பியில், 2009ஆம் ஆண்டு மே மாதத்துப் பக்கமொன்றில் இந்த மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் மயக்க மருந்து அட்டவணையை நிரப்பிக்கொண்டிருக்கையில் ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கி, பின்னர் பெயர்த்து எழுதியவை. எதற்கும் திகதியும் நேரமும் போடுவது என் பழக்கம். “உங்கட மவுத்துக்கும் நீங்களே நேரம் போட்டுட்டுத்தான் போவீங்க” என்று என் சாவைப் பற்றியும் என் மனைவி இன்றும் சொல்வார். அந்தப் பக்கத்தில் மட்டும் நேரம் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களோடு கதைக்கும்படி கேட்டார்கள். நாளை முதல் நீங்கள் சிமுலேட்டரில் அமரப் போகிறீர்கள். நான் கத்தி பிடித்தவன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் மேசையின் தலைமாட்டில் இருந்து மயக்க மருந்து கொடுத்தவன். தலைமாட்டில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வயிற்றுக்குள் நடப்பதை வேலை செய்கிறவரின் முகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இயந்திரம் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோர ஆஸ்பத்திரிக்கு உலகத்தின் எல்லாப் பக்கமிருந்தும் பெட்டிகள் வந்தன. பனிக்காலக் கம்பளிச் சட்டைகள், எங்களால் வாசிக்க முடியாத மொழியில் பெயர் எழுதிய மருந்துகள், திகதி முடிந்த சேலைன் போத்தல்கள். அவற்றோடு நல்ல சாமான்களும் வந்தன. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தே செய்யும் சத்திரசிகிச்சைக்கான கருவித் தொகுதி அவற்றில் ஒன்று. அதைப் பழகுவதற்கென்று ஒரு சிமுலேட்டரும் கூடவே வந்தது. இரண்டு பிடிகளும் ஒரு திரையும். திரைக்குள் ஈரலும் பித்தப்பையும் இருந்தன. வெட்டினால் இரத்தம் வரும், கிளிப் போட்டால் நிற்கும்.

மருந்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்து அறையில் அதை வைத்தோம். ஆஸ்பத்திரியில் எந்நேரமும் குளிராக இருந்த அறை அது ஒன்றுதான். அதனால் யாராவது உள்ளே இருந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் அதை உண்மையாக ஆண்டவர் ஒருவர்தான். தமிழ் ஊரான ஆலையடிவேம்பைச் சேர்ந்த இளம் வைத்தியர். பயிற்சிக்கு வந்தவர். எல்லாருக்கும் ‘தம்பி டொக்டர்’. “தம்பி டொக்டருக்கு ரீவியில கேம் விளையாடச் சம்பளம்” என்று தியேட்டர் சிஸ்டர் சீண்டுவார். “நீங்களும் வந்து விளையாடுங்க சிஸ்டர், தோத்தா நான் தேத்தண்ணி வாங்கித் தாறன்” என்பார் அவர். புள்ளிப் பலகையில் முதல் பத்து இடமும் அவருடைய பெயர்தான். கையும் அப்படித்தான். நான் கண்ட இளம் கைகளில் அவ்வளவு நிதானமான கை வேறில்லை. இயந்திரம் அந்தக் கையைச் செய்தது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

அந்த இயந்திரத்தில் ஒரு விசை இருந்தது. இரத்தம் அடங்காவிட்டால், திரைவழி வேலையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்கிறேன் என்று சொல்வதற்கான விசை. அதை அழுத்தினால் திரை சிவக்கும். பயிற்சி பூர்த்தியாகவில்லை என்று வரும். புள்ளி சைபர். அதில் யாரும் பிழை காணவில்லை. பயிற்சி முடியவில்லை என்றால் புள்ளி இல்லைதானே என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

இனி ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடல் வந்த அன்று எங்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்த நாட்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் இறந்தவர்களின் ஜனாஸா அறிவித்தபடியே இருந்தன. 2005 மார்ச்சில் சுமாத்திராப் பக்கம் மறுபடியும் நிலம் அதிர்ந்தபோது அதே ஒலிபெருக்கிகள்தான் சனத்தை ஓடச் சொன்னன. பிறகு ஒத்திகைகள் நடந்தன. “அவசர அறிவித்தல்” என்று ஒலிபெருக்கி தொடங்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே பிரதான வீதியைத் தாண்டிப் போக வேண்டும். வீட்டைப் பூட்ட நிற்கக் கூடாது, சாமான் எடுக்க நிற்கக் கூடாது, என்ன என்று கேட்க நிற்கக் கூடாது. ஊர் அதை நன்றாகவே பழகியது. தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் ஒலிபெருக்கி செருமினாலே அடுப்பை அணைத்துவிட்டு நிற்கும் பெண்களை நான் மருதமுனையில் என் வீட்டு ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன்.

2009 மே மாதத்தில், யுத்தம் முடிந்ததாக அறிவித்த அந்த வாரத்தில், கல்முனைக்குடியைச் சேர்ந்த மர்ழியா என்ற பெண்ணுக்குப் பித்தப்பை அகற்ற வேண்டியிருந்தது. ஏற்கனவே பிற்போடப்பட்ட சிகிச்சை. நோவு கூடிக்கொண்டே போனதால் இனியும் தள்ள முடியாது என்று எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர், சேர்ஜன், முடிவெடுத்தார். மர்ழியாவின் மூத்த மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு பிறந்தவை இரண்டு. கணவர் ஜௌபர், மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பவர், மர்ழியாவின் சொந்த மாமி மகன். மயக்க மருந்து கொடுக்குமுன் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டபோது, மர்ழியா என்னிடம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டார்.

“நான் எழும்பக்குள்ள இவர் வெளிய நிப்பாரா டொக்டர்?”

“நிப்பார். எங்க போகப் போறார்?”

“புள்ளயள் எங்கட உம்மாட ஊட்ட. கடல்பக்கம். அதான் ஓடி ஓடிப் பாப்பார்.”

அவரது இரத்தம் ஓ நெகட்டிவ். எங்கள் பகுதியில் அது அரிது. இரத்த வங்கியில் இருந்தது இரண்டு பைகள் மட்டும். முன்னொரு பிள்ளைப்பேற்றில் வேறு வழியின்றி ஏற்றிய பொசிட்டிவ் இரத்தத்தால் அவரது இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்ததால் மறுபடியும் அதை ஏற்றுவதும் ஆபத்து. ஆனாலும் இது சாதாரணமாக இரத்தம் தேவைப்படாத சிகிச்சை.

காலையிலிருந்தே வீதியில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வார்டில் இருந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கி, கருவிகளெல்லாம் உள்ளே போன பிறகு, பட்டாசில் கை சிதைந்த ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தம் பாய்வதாகச் செய்தி வந்தது. சேர்ஜன் திரையை ஒருமுறை பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. தம்பி டொக்டரிடம், “நான் வந்திடுவன். மெதுவாச் செய்யுங்க. ஏதும் எண்டாத் திறந்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிதானமாகத்தான் செய்தார். திரையில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓரிடத்தில் கருவியின் நுனி சற்று ஆழப் போனது. திரை முழுவதும் சிவப்பாயிற்று.

அந்த இடத்தில் இரத்த நாடி அறுபடுவது யாருக்கும் நடக்கும். இதைவிடத் தேர்ந்த கைகளுக்கும் நடந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அதன் பிறகு நடந்ததை. அவர் உறிஞ்சியை வைத்தார். ஒரு கிளிப் போட்டார். நிற்கவில்லை. இன்னொன்று போட்டார். கமராவைத் துடைத்தார்.

“தம்பி, திறங்க” என்றேன்.

“ஒரு நிமிசம் சேர். பிடிச்சிட்டன்.”

சிஸ்டர் கேட்காமலே பெரிய கத்தியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வேலைக்காரர் ஒருவரைச் சேர்ஜனைக் கூப்பிட அனுப்பினேன். இரத்த வங்கிக்குச் சொல்லி, இருந்த இரண்டு பைகளையும் எடுத்தேன். இரத்த வங்கியார், வெளியில் காணாத ஜௌபரின் கைபேசிக்கு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவருக்கும் ஓ நெகட்டிவ் என்பது அவர்களுக்குத் தெரியும். மணி போனது, எடுக்கவில்லை. அப்போதுதான் எங்கள் ஊரில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். இரத்த வகையை எழுதிய துண்டோடு ஒருவரை மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசலுக்கு அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில் சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முன் எத்தனையோ தடவை அப்படி வந்திருக்கிறார்கள்.

“தம்பி, இரத்த அமுக்கம் இறங்குது. திறங்க.”

“இந்தா சேர், இது கடைசி.”

அந்த முகத்தை நான் பார்த்தேன். அது பயந்த முகம் அல்ல. குளிர் அறையில் திரைக்கு முன்னால் பயிற்சியை முடிக்கப் போகும்போது இருக்கும் அதே முகம். பயந்திருந்தால் திறந்திருப்பார். வெளிச்சம் போய், ஜெனரேட்டரில் திரும்பி வந்தது. திரை மறுபடியும் உயிர்த்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வாசல் காவலாளி தலையை நீட்டினார். “ஆக்கள் வாறாங்க டொக்டர். சரியான சனம். வாசல் கேட்டுக்குள்ளால நெருக்கித் தள்ளிக்கிட்டு வாறாங்க.”

சிஸ்டர், அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது எனக்குக் கேட்டது. நானும் அதையேதான் மனதுக்குள் சொன்னேன். வந்த சனம் இரத்த வங்கிப் பக்கம் திரும்பவில்லை. படியில் ஏறி மேல்மாடிக்குப் போனது. கைக்குழந்தைகளோடு, கிழவிகளைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள்களை முற்றத்தில் போட்டுவிட்டு. கடல் வந்த அன்று எங்கள் மேல்மாடிதான் தப்பியது. அதை யாரும் மறந்திருக்கவில்லை. இரத்தம் கேட்கும் அறிவித்தலும் “அவசர அறிவித்தல்” என்றுதான் தொடங்கும்.

இரத்த வங்கித் தாதி மேலே ஓடிப்போய், கடல் வரவில்லை, இரத்தம்தான் கேட்டோம் என்று சொன்னாராம். நம்பவே நேரம் எடுத்ததாம். பிறகு ஓ நெகட்டிவ் யாருக்கு என்று கேட்டபோது ஒரு பெண், “மர்ழியாட மாப்பிளைக்கு அதுதான்” என்றாராம். அவர் எங்கே என்று கேட்டதற்கு அந்தப் பெண்ணே, “ரெண்டு புள்ளயையும் தூக்கிக்கிட்டு வயல் பக்கம் ஓடினத்தக் கண்டன்” என்று சொன்னாராம்.

சேர்ஜன் வந்தது அதற்குள். கையுறை போட்டதும் சிஸ்டரின் கையிலிருந்த கத்தியை வாங்கினார். திறந்தார், விரலால் அழுத்திப் பிடித்தார், இரத்தம் நின்றது. அவ்வளவுதான் அந்த வேலை. ஆனால் அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. வேறு வழியில்லாமல் பொசிட்டிவ் இரத்தத்தையும் ஏற்றினோம். உடம்பு அதை ஏற்கவில்லை. அஸர் தொழுகைக்குச் சற்று முன் மர்ழியா மவுத்தாகிவிட்டார்.

ஜௌபர் வந்தபோது காற்சட்டை முழங்கால் வரை வயற்சேறு. இரண்டு பிள்ளைகளும் இரண்டு தோளில். கடல் வரவில்லை என்று வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை. கைபேசி மாமியார் வீட்டு மேசையில் கிடந்தது. செய்தியைச் சேர்ஜன்தான் சொன்னார். ஜௌபர் பிள்ளைகளை இறக்கி நிலத்தில் விட்டார். பிறகு, “ஸ்பீக்கர்ல என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேல்மாடியிலிருந்து இறங்கியவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வெட்டியவர் யார், எந்த ஊர்ப் பொடியன் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த வாரத்தில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தம்பி டொக்டர் உடை மாற்றும் அறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் இருந்தார். சேர்ஜன் தனியாக வாசலுக்குப் போனார். நான் பின்னால் நின்றேன்.

“கத்தி என்ட. பொடியனும் என்ட. கேக்கிறத என்னட்டக் கேளுங்க” என்றார்.

ஒருவர், “நீங்க அங்க இல்லயாமே டொக்டர்?” என்றார்.

“ஓம். இல்ல. அதையும் என்னட்டத்தான் கேக்கோணும்.”

கூட்டம் வழிவிட்டது. ஜனாஸாவை எடுத்துப் போக ஆயத்தம் செய்தார்கள். அடக்கம் செய்ய மையவாடிக்குச் சேர்ஜனும் வந்தார். வீதியில் பட்டாசு அன்றைக்கு ஓயவேயில்லை.

சில நாட்களின் பிறகு சேர்ஜன் எங்கள் எல்லாரையும் அந்தக் குளிர் அறைக்கு வரச் சொன்னார். தம்பி டொக்டரைச் சிமுலேட்டரின் முன் இருத்தினார். ஏசுவார் என்று நினைத்தோம். பயிற்சியைத் தொடங்கச் சொன்னார். இரத்தம் வந்ததும், “இப்ப அந்த விசைய அமத்துங்க” என்றார்.

தம்பி டொக்டரின் விரல் அந்த விசைக்கு மேலே நின்றது. அழுத்தவில்லை. பிடியைப் பிடித்திருந்த மற்றக் கை தன்பாட்டில் கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். அப்போதுதான் அவர் அழுதார். மர்ழியா மவுத்தான அன்று அழாதவர்.

“அமத்துங்க மகன்.”

அழுத்தினார். திரை சிவந்தது. சைபர்.

“இதுதான் இண்டைக்கு நீங்க எடுத்த சரியான மாக்ஸ்” என்றார் சேர்ஜன். தியேட்டரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, திரையில் புள்ளி காட்டும் மூலையை மறைத்து ஒட்டினார். அதன் பிறகு அந்த அறையில் பழகிய எல்லாரும் முதலில் பழகியது அதைத்தான். கை தர்க்கம் செய்யாமல் விசைக்குப் போகும் வரை, திரும்பத் திரும்ப. தம்பி டொக்டர் தன் பயிற்சிக் காலத்தை முடித்தார். அதன் பிறகு சத்திரசிகிச்சையில் நிற்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

நீங்கள் அமரப்போகும் இயந்திரம் அதைவிட எவ்வளவோ நல்லது. திறக்க வேண்டிய இடத்தில் திறந்தால் இது புள்ளி தரும் என்று சொன்னார்கள். சந்தோஷம். ஆனாலும் இது வேறு எதற்கோ தண்டிக்கும். எதற்கு என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எவ்வளவு புள்ளி என்று மட்டும் பார்க்காதீர்கள். எதைச் செய்தபோது இது உங்களுக்குப் புள்ளி தரவில்லை என்று பாருங்கள். அதைச் செய்ய ஒரு நாள் உங்கள் கை மறுக்கும். அன்று தலைமாட்டில் இருப்பவர் சொல்வது உங்கள் காதில் விழ வேண்டும்.

அன்று பிழை செய்தவர் யார் என்று பின்னாளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஊர் தனக்குப் பழக்கியதைச் செய்தது. ஒத்திகையில் சொன்னபடி, என்ன என்று கேட்க நிற்காமல் ஓடியது. தம்பி டொக்டரும் தனக்குப் பழக்கியதைத்தான் செய்தார். இரண்டுக்கும் நடுவில் மேசையில் மர்ழியா கிடந்தார். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

கொப்பியில் நேரம் போடாத அந்த வரிக்கு வருகிறேன்.

ஸ்பீக்கரில் என்ன சொன்னார்கள் என்று ஜௌபர் கேட்டபோது, அவரே தொடர்ந்து, “அவசர அறிவித்தல் எண்டத்த மட்டும்தான் நான் கேட்டன்” என்றார். சேர்ஜன் சற்றும் யோசிக்காமல், “அதுக்குப் பிறகு கரண்ட் நிண்டிட்டு. நீங்க கேட்டிரிக்க ஏலாது” என்று பதில் சொன்னார். ஜௌபர் தலையாட்டினார். பல வருடங்களின் பின் கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டபோதும், “கரண்ட் மட்டும் நிக்காம இரிந்தா, டொக்டர்” என்றுதான் சொன்னார். ஓம் என்றேன்.

ஆனால் பள்ளிவாசலில் அறிவித்தலை வாசித்த மோதினாரிடம் நான் அதே மாதத்தில் போய்க் கேட்டிருந்தேன். இரத்த வகையையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் மூன்று தடவை முழுதாக வாசித்ததாகவும், அதன் பிறகே மின்சாரம் போனதாகவும் அவர் உறுதியாகச் சொன்னார். மின்சாரக் கந்தோரில் விசாரித்தேன். அந்த வாரத்து விவரம் கிடைக்கவில்லை. மோதினாரும் இப்போது இல்லை. தியேட்டரில் வெளிச்சம் போய் வந்தது உண்மை. அதை நான் எழுதியிருக்கிறேன். அறிவித்தலுக்கு முன்னரா, நடுவிலா, பின்னரா என்று சொல்லக்கூடிய ஒரே நேரக்குறிப்பு நான் போட்டிருக்க வேண்டியது. அந்த நேரம் என் கண் தம்பி டொக்டரின் முகத்தில் இருந்தது.

ஆகவே, ஜௌபர் ஓடத் தொடங்கியபோது ஒலிபெருக்கி ஊமையாகத்தான் இருந்ததா, அல்லது அவருடைய முதுகுக்குப் பின்னால் இரத்தம் கேட்டுக்கொண்டிருந்ததா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.